டயாலிசிஸ் இலவசம், மருந்துக்கு மாதம் 16,500 ரூபாய்: எதைக் குறைக்கலாம், எதைத் தொடக் கூடாது?

வெண்ணாற்றங்கரை கேட்டது:

வணக்கம். தஞ்சாவூர் மாவட்டம். அப்பாவுக்கு 58 வயது, எடை 55 கிலோ. சர்க்கரையால் வந்த சிறுநீரகச் செயலிழப்பு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் தனியார் மருத்துவமனையில் வாரம் இரண்டு டயாலிசிஸ். அதற்குக் கையிலிருந்து பணம் போவதில்லை. வெளியே வாங்கும் மருந்துதான் தாங்க முடியவில்லை. கடைசி மாதப் பில்லை அப்படியே தருகிறேன்.

ஈபிஓ ஊசி (ரத்த சோகைக்கு) 4000 யூனிட், வாரம் மூன்று, ஒன்று 480 ரூபாய்: 12 ஊசிக்கு 5,760
கீட்டோ அனலாக் மாத்திரை (புரதக் குறைக்கு) 2-2-2, ஒன்று 30 ரூபாய்: 5,400
செவலமர் (பாஸ்பரஸைக் குறைக்க) 800 மி.கி. 1-1-1, ஒன்று 28 ரூபாய்: 2,520
சினகால்செட் (பிடிஎச் ஹார்மோனைக் குறைக்க) 30 மி.கி. இரவு ஒன்று: 900
சில்னிடிபின் (ரத்த அழுத்தத்துக்கு) 10 மி.கி. 1-0-1: 540
லினாக்ளிப்டின் (சர்க்கரைக்கு) 5 மி.கி.: 450
கால்சிட்ரியால் (வைட்டமின் டி வகை) 0.25: 360
பான்டோப்ரசோல், பி காம்ப்ளக்ஸ், சோடா மாத்திரை எல்லாம் சேர்த்து: 600
மொத்தம் 16,530.

போன வாரத்து ரத்தப் பரிசோதனை: ஹீமோகுளோபின் 8.4, ஃபெரிட்டின் (சேமிப்பில் உள்ள இரும்பு) 140, டிசாட் 14 சதவீதம், கால்சியம் 8.6, பாஸ்பரஸ் 6.1, பிடிஎச் (எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும் ஹார்மோன்) 410, ஆல்புமின் (ரத்தப் புரதம்) 3.1.

மூன்று கேள்விகள். ஜெனரிக் (வேதிப்பெயரில் விற்கும் மலிவு) மருந்துக்கு மாறினால் தரம் எப்படி? ஈபிஓவை வாரம் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தால் என்ன ஆகும்? மாத்திரைகளுக்கும் அரசு உதவி ஏதாவது உண்டா?

---

மாத்திரைக்கட்டு (மருந்தாளுநர்):

பரிசோதனை எண்களையும் சேர்த்துப் போட்டது நல்லதாயிற்று. எண் இல்லாமல் பில்லை மட்டும் பார்த்து யாராலும் உருப்படியாகச் சொல்ல முடியாது. ஜெனரிக் பற்றிக் கடைசியில் வருகிறேன். விலை குறைந்த கடையைத் தேடுவதற்கு முன்னால், வாங்குகிற மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். உங்கள் பில்லில் பெரிய தொகை இரண்டும் அந்தக் கேள்வியில்தான் மாட்டிக்கொண்டிருக்கின்றன. கீழே சொல்வதெல்லாம் சிறுநீரக மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள். வீட்டிலேயே எதையும் நிறுத்த வேண்டாம்.

முதலில் கீட்டோ அனலாக், 5,400 ரூபாய். டயாலிசிஸுக்குப் போகாதவர்கள் புரதத்தை வெகுவாகக் குறைத்துச் சாப்பிடும்போது, அந்தக் குறையை யூரியா ஏறாமல் ஈடுகட்டத்தான் இந்த மாத்திரை. டயாலிசிஸ் தொடங்கியதும் கணக்கு தலைகீழாகிவிடும். ஒவ்வொரு முறையும் அமினோ அமிலம் வெளியே போகிறது. அதனால் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் சாப்பிடச் சொல்வார்கள். 55 கிலோவுக்கு நாளைக்கு 55 முதல் 66 கிராம். அப்பாவுக்கு ஆல்புமின் 3.1 என்றால் சாப்பாட்டில் புரதம் போதவில்லை என்ற சந்தேகம் வர வேண்டும். டயாலிசிஸுக்கு முன் எழுதிய சீட்டு மாற்றாமலே தொடர்ந்து வருவதை நிறையப் பார்க்கலாம். "டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகும் இது தேவையா, புரதத்தைச் சாப்பாட்டிலேயே கொடுக்கலாமா?" என்று நேராகக் கேளுங்கள்.

ஒரு முட்டை வெள்ளைக்கருவில் ஏறக்குறைய மூன்றரை கிராம் புரதம், பாஸ்பரஸ் மிகக் குறைவு. நாளைக்கு நான்கு என்றால் 14 கிராம். முட்டை 7 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 840 ரூபாய். ஒன்றைக் கவனியுங்கள்: கீட்டோ மாத்திரை கால்சியம் உப்பாக இருப்பதால் ஒன்றில் சுமார் 50 மி.கி. கால்சியம் இருக்கிறது. ஆறு மாத்திரையை நிறுத்தினால் நாளைக்கு 300 மி.கி. குறையும். சினகால்செட்டும் கால்சியத்தைக் குறைக்கும் மருந்து. ஆகவே மருத்துவர் நிறுத்தச் சொன்னால் சில வாரத்தில் கால்சியத்தை மறுபடி பாருங்கள்.

இரண்டாவது ஈபிஓ. வாரம் 12,000 யூனிட் போட்டும் ஹீமோகுளோபின் 8.4 என்றால் ஊசியைக் குறை சொல்வதற்கு முன் டிசாட்டைப் பாருங்கள். ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதத்தில் எவ்வளவு பங்கு நிரம்பியிருக்கிறது என்பதுதான் டிசாட். 14 சதவீதம் என்றால் இரும்பு போதவில்லை. ஈபிஓ எலும்பு மஜ்ஜைக்கு "சிவப்பணு செய்" என்று சொல்லும் கட்டளை மட்டும்தான். மூலப்பொருள் இரும்பு. அது இல்லாமல் கட்டளையை எத்தனை முறை போட்டாலும் பணம் வீண். டிசாட் 30 சதவீதத்துக்கும், ஃபெரிட்டின் 500க்கும் கீழே இருந்தால் நரம்பு வழி இரும்பைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது பல ஆண்டுகளாக இருக்கும் வழிகாட்டுதல். பிரிட்டனில் 2,141 டயாலிசிஸ் நோயாளிகளிடம் நடந்த பிவோட்டல் ஆய்வில், மாதம் 400 மி.கி. வரை முன்கூட்டியே இரும்பு கொடுத்தவர்களுக்கு ஈபிஓ தேவை குறைந்தது. ஃபெரிட்டின் 700ஐக் கடந்தால், அல்லது டிசாட் 40ஐத் தொட்டால் அவர்கள் நிறுத்தி வைத்தார்கள்.

வாரம் மூன்றை இரண்டாக்கலாமா என்று கேட்டீர்கள். இப்போது கூடாது. 8.4லிருந்து இன்னும் இறங்கினால் ரத்தம் ஏற்ற வேண்டி வரும். வெளி ரத்தம் ஏற ஏற உடலில் எதிர்ப்புப் புரதங்கள் உருவாகும். நாளைக்கு மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பொருத்தம் கிடைப்பது அதனாலேயே கடினமாகும். இரும்பைச் சரிசெய்து ஹீமோகுளோபின் 11ஐ நெருங்கிய பிறகு மருத்துவரே அளவைக் குறைப்பார். வழக்கமாக ஒரு படிக்கு 25 சதவீதம். உங்கள் கணக்கில் அது மாதம் 1,440 ரூபாய்.

மூன்றாவது சினகால்செட். டயாலிசிஸில் இருப்பவருக்குப் பிடிஎச் சாதாரண உச்ச அளவைப் போல 2 முதல் 9 மடங்கு வரை இருக்கலாம். ஆய்வகத்தின் உச்ச அளவு 65 என்றால் 130 முதல் 585 வரை. 410 அதற்குள்தான் வருகிறது. ஆனால் இந்த எண்ணை மட்டும் வைத்து "தேவையில்லை" என்று சொல்லிவிடக் கூடாது. மாத்திரை தொடங்குமுன் பிடிஎச் எவ்வளவு இருந்தது? 900லிருந்து மாத்திரையால் 410க்கு வந்திருந்தால் நிறுத்தியதும் மறுபடி ஏறும். 420லேயே தொடங்கியிருந்தால் கேள்வி வேறு. பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுங்கள். அது கிடைக்கும் வரை இதைச் சாப்பாட்டோடு கொடுங்கள், அப்போதுதான் நன்றாக உறிஞ்சும். உடைக்க வேண்டாம்.

செவலமருக்கு மாற்றாகக் கால்சியம் அசிடேட் 667 மி.கி. இருக்கிறது, விலையில் பெரிய வித்தியாசம். ஒரு மாத்திரையில் 169 மி.கி. கால்சியம். அப்பாவின் கால்சியம் 8.6 என்று தாளில் இருந்தாலும், ஆல்புமின் குறைவாக இருப்பதால் திருத்திப் பார்க்க வேண்டும்: 4லிருந்து 3.1ஐக் கழித்தால் 0.9, அதை 0.8ஆல் பெருக்கினால் 0.72, அதைக் கூட்டினால் 9.3. கால்சிட்ரியாலும் ஓடுவதால் முழுவதையும் கால்சியத்துக்கு மாற்றுவதைவிட, பெரிய சாப்பாட்டுக்குச் செவலமர், சின்னச் சாப்பாட்டுக்குக் கால்சியம் அசிடேட் என்று கலந்து எழுத முடியுமா என்று கேட்கலாம். ரத்தக்குழாயில் கால்சியம் படிந்திருக்கிறது என்று ஸ்கேனிலோ எக்ஸ்ரேயிலோ சொல்லியிருந்தால் இந்த மாற்றம் வேண்டாம்.

சோடா மாத்திரை விலை சொற்பம், ஆனால் அது சோடியம். தாகத்தைக் கிளப்பும். டயாலிசிஸ் திரவத்திலேயே பைகார்பனேட் இருக்கிறது. டயாலிசிஸுக்கு முன் எடுத்த ரத்தத்தில் பைகார்பனேட் 22க்கு மேல் இருந்தால் சோடா மாத்திரை இன்னும் தேவையா என்று கேட்டுவிடுங்கள். பான்டோப்ரசோலுக்கும் அதே கேள்வி.

இனி ஜெனரிக். சில்னிடிபின், லினாக்ளிப்டின், கால்சிட்ரியால் இவற்றை வேதிப்பெயரில் மாற்றுவதில் பயமில்லை. ரத்த அழுத்த மாத்திரையை மாற்றிய இரண்டு வாரம் காலையும் மாலையும் அளந்து எழுதி வையுங்கள், போதும். மத்திய அரசின் மக்கள் மருந்தகத்துக்கு ஜன் அவுஷதி சுகம் என்ற செயலி இருக்கிறது. வேதிப்பெயரையும் மி.கி. அளவையும் தட்டினால் விலையும் அருகிலுள்ள கடையும் தெரியும். 2025 பிப்ரவரி 24 அன்று தொடங்கிய முதல்வர் மருந்தகங்கள் ஆயிரம் இடங்களில் வந்தன, அங்கேயும் விலை கேளுங்கள். சிறுநீரக மருந்துகள் இந்தக் கடைகளில் எப்போதும் இருப்பில் இருக்காது. தீருவதற்கு ஒரு வாரம் முன்னால் சீட்டைக் காட்டிச் சொல்லி வைத்தால் வரவழைத்துத் தருவார்கள்.

கடைசியாக வரி. 2025 செப்டம்பர் 22 முதல் மருந்துக்கு ஜிஎஸ்டி 12லிருந்து 5 சதவீதமாக இறங்கியது. 12 சதவீதம் இருந்த ஒரு மருந்தின் அதிகபட்ச விலை அதனால் 6.25 சதவீதம் குறைய வேண்டும். தாளில் பழைய விலை அச்சாகியிருந்தாலும் புதிய விலைதான் செல்லும்.

---

ஊசிமுனை (டயாலிசிஸ் செவிலியர்):

மேலே சொன்னதோடு ஊசி விஷயம் கொஞ்சம். வெளியில் வாங்கி வரும் ஈபிஓ பாதி வழியிலேயே கெட்டுப்போவது அடிக்கடி நடக்கிறது, யாரும் அதைக் கவனிப்பதில்லை.

2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெயிலில் கெடும் என்று எல்லோருக்கும் தெரியும். உறைந்தாலும் கெடும் என்பதுதான் பலருக்குத் தெரியாது. மருந்துக்கடையில் ஐஸ் பாக்கெட்டோடு சேர்த்துக் கவரில் போட்டுக் கட்டித் தருவார்கள். ஊசி ஐஸ் மேல் ஒட்டியபடி ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் வந்தால் உள்ளே உறைந்துவிடும். ஐஸ் பாக்கெட்டை ஒரு துண்டுத் துணியில் சுற்றி, ஊசியை அதன் அட்டைப்பெட்டியோடு நடுவில் வையுங்கள். வீட்டில் ஃப்ரிட்ஜ் கதவில் வேண்டாம், ஃப்ரீசருக்கு ஒட்டின தட்டிலும் வேண்டாம். நடுத்தட்டு, பின்சுவரில் படாமல். போடுமுன் குலுக்கக் கூடாது, குலுக்கினால் புரதம் சிதையும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் துகள் மிதந்தால் போட விடாதீர்கள்.

எங்கே போடுகிறார்கள் என்றும் பாருங்கள். டயாலிசிஸ் முடியும்போது குழாயிலேயே செலுத்திவிடுவது சுலபம், ஆனால் தோலடியில் போட்டால் சுமார் 30 சதவீதம் குறைந்த அளவிலேயே அதே ஹீமோகுளோபின் நிற்கும். இப்போது குழாயில் போகிறது என்றால் தோலடிக்கு மாற்றக் கேளுங்கள். வயிறு, தொடை, மேல்கை என்று இடத்தை மாற்றி மாற்றி. ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) உள்ள கையில் மட்டும் கூடாது.

இரும்பு ஊசி: இரும்பு சுக்ரோஸ் 100 மி.கி. 5 மி.லி. ஆம்பூல். வழக்கமான முறை ஒவ்வொரு டயாலிசிஸிலும் 100 மி.கி., மொத்தம் பத்து. வாரம் இரண்டு டயாலிசிஸ் என்றால் ஐந்து வாரம். 100 மி.லி. சலைனில் கலந்து குறைந்தது 15 நிமிடம் ஓட்டுவோம். காய்ச்சல், கதீட்டர் (டயாலிசிஸுக்காக உடலில் செருகிய குழாய்) வாயில் சீழ், எந்தத் தொற்று இருந்தாலும் அன்று போட மாட்டோம், நீங்களும் வற்புறுத்தாதீர்கள். முதல் ஊசியில் மூச்சு இறுக்கமோ முகம் சிவப்பதோ வந்தால் உடனே சொல்லச் சொல்லுங்கள்.

இரும்பு ஏறியும் ஹீமோகுளோபின் அசையவில்லை என்றால் கதீட்டர் தொற்று, டயாலிசிஸ் போதாமை, டயலைசரில் (ரத்தத்தை வடிகட்டும் உருளை) ரத்தம் உறைந்து ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வீணாவது, பி12 குறைவு இவற்றைப் பார்க்க வேண்டும். டயலைசரைக் கழற்றும்போது நார்கள் கறுப்பாகக் கோடு கோடாக இருக்கின்றனவா என்று அப்பாவைப் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் ஹெப்பரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) அளவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

செவலமரும் கால்சியம் அசிடேட்டும் சாப்பாட்டிலுள்ள பாஸ்பரஸைக் குடலிலேயே பிடிக்கும் மருந்து. வெறும் வயிற்றில் போட்டால் பிடிக்க ஒன்றும் இருக்காது. இரண்டாவது கவளத்தில் போடுங்கள், சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு அல்ல. காலை இரண்டு இட்லிக்கும் மதியம் மீன் குழம்பு சாதத்துக்கும் ஒரே ஒரு மாத்திரை என்பதும் பொருந்தவில்லை. அதே மூன்று மாத்திரையை 0-2-1 என்று பிரித்தாலே பாஸ்பரஸ் இறங்கலாம், செலவு ஒரு பைசா கூடாது. மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். சாப்பிடாத வேளைக்கு மாத்திரையும் வேண்டாம்.

பாக்கெட் தின்பண்டம் வாங்கினால் பின்பக்கம் ஐஎன்எஸ் எண்களை (உணவில் சேர்த்த ரசாயனங்களின் எண்கள்) பாருங்கள். 338, 339, 340, 341, 450, 451, 452 எல்லாம் பாஸ்பேட். பருப்பில் உள்ள பாஸ்பரஸில் ஒரு பகுதிதான் உடலில் ஏறும், இது கிட்டத்தட்ட முழுசாக ஏறும். கோலா பானத்தில் 338 இருக்கும். வீட்டுச் சமையலைக் குறைக்கச் சொல்லுமுன் இதை நிறுத்துங்கள்.

---

வெண்ணாற்றங்கரை:

இரண்டு பேருக்கும் நன்றி. பழைய ரிப்போர்ட் கிடைத்தது, சினகால்செட் தொடங்குமுன் பிடிஎச் 880. அப்படியானால் அது இருக்கட்டும். டயாலிசிஸ் நாளில் போடும் ஈபிஓ இதுவரை குழாயில்தான் போகிறது. இரும்பு ஊசி காப்பீட்டில் சேராது, வெளியே வாங்கித் தாருங்கள் என்கிறார்கள். மருத்துவரிடம் இதையெல்லாம் கேட்டால் தவறாக எடுத்துக்கொள்வாரோ என்று தயக்கம்.

---

மாத்திரைக்கட்டு:

880லிருந்து 410 என்றால் மாத்திரை வேலை செய்கிறது. விட வேண்டாம், விலையை மட்டும் பாருங்கள்.

தயங்காதீர்கள். நீங்கள் பணம் இல்லை என்று சொல்லாவிட்டால் மருத்துவருக்குத் தெரிய வழியே இல்லை. எழுதிய எல்லாம் உள்ளே போகிறது என்று நம்பித்தான் அடுத்த முறை அளவைக் கூட்டுவார். விட்டுப்போன ஊசிகளின் எண்ணிக்கையை மறைப்பதுதான் பெரிய ஆபத்து. ஒரே தாளில் இடது பக்கம் மருந்து, மாதச் செலவு, உண்மையில் எத்தனை போட்டோம் என்றும், வலது பக்கம் கடைசி இரண்டு பரிசோதனை எண்களும் எழுதுங்கள். கீழே "மாதம் 8,000 ரூபாய்க்குள் முடிக்க வேண்டும், எதை முதலில் வைக்கலாம்?" என்று ஒரு வரி. மூன்று நிமிட ஓபியில் இந்தத் தாள் பேசும் அளவுக்கு வாய் பேசாது. மருந்தின் வேதிப்பெயரில் எழுதித் தரவும் கேளுங்கள்.

இரும்பு சுக்ரோஸ் பத்து ஆம்பூல் வெளியில் வாங்கினாலும் அந்தச் சுற்று ஐந்து வாரத்தில் முடிந்துவிடும், அடுத்தது பரிசோதனை எண்ணைப் பொறுத்து. ஈபிஓ மாதாமாதம். வாங்கும் ஈபிஓவைக் கடைக்குக் கடை பிராண்ட் மாற்றாமல் மூன்று மாதமாவது ஒன்றிலேயே நில்லுங்கள், இல்லாவிட்டால் எது வேலை செய்தது என்றே தெரியாது. விலையை ஊசிக்கு இவ்வளவு என்று பார்க்காமல் 1000 யூனிட்டுக்கு இவ்வளவு என்று பாருங்கள். உங்களுடையது 120 ரூபாய். இந்த ஊசியில் அச்சிட்ட விலைக்கும் கடைக்காரர் வாங்கும் விலைக்கும் இடைவெளி பெரிது, நான்கு இடத்தில் விசாரித்தால் நான்கு விலை வரும். 10,000 யூனிட் ஊசி வாரம் ஒன்று என்று தோலடியில் போடுவது சிலருக்குச் சரிப்படும், 1000 யூனிட் கணக்கில் மலிவாகவும் வரலாம். ஹீமோகுளோபின் நிலைத்த பிறகு கேட்க வேண்டியது அது.

---

மனுக்காரன்:

அரசு உதவி பற்றி நான் சொல்கிறேன். காப்பீட்டு அட்டை ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. தகுதி ஆண்டு வருமானம் 1,20,000க்குள், கிராம நிர்வாக அலுவலர் வழி வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார். அது மருத்துவமனைச் சிகிச்சைக்கானது, மாதாமாத மாத்திரைக்கானது அல்ல. எந்த ஊசி டயாலிசிஸ் கட்டணத்துக்குள் அடங்கும் என்று மருத்துவமனை வாய்மொழியாகச் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள். 1800 425 3993 எண்ணில் அட்டை எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். மருத்துவமனையில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட அலுவலரிடமும் கேளுங்கள். இரண்டு பதிலும் வேறாக இருந்தால் எழுத்தில் கேட்கலாம்.

மாத்திரைக்கு வழி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் சிறுநீரகவியல் புறநோயாளிப் பிரிவு. தனியாரில் டயாலிசிஸ் நடந்தாலும் அங்கே ஒரு பதிவு போடலாம். டயாலிசிஸ் குறிப்பு, கடைசிப் பரிசோதனை, இப்போதைய சீட்டு மூன்றின் நகலோடு போங்கள். சீட்டில் இருப்பதில் அங்கே இருப்பில் உள்ளவை இலவசமாகக் கிடைக்கும், இல்லாததை மட்டும் வெளியே வாங்கலாம். ஒரே மருந்தை இரண்டு இடத்திலிருந்தும் வாங்கி இரட்டையாகப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெயர் வேறு, உள்ளே இருப்பது ஒன்று. டயாலிசிஸையே அரசு மருத்துவமனைக்கு மாற்றினால் ஈபிஓவும் இரும்பும் அங்கேயே போடுவது வழக்கம். ஆனால் இருப்பு தீரும் மாதங்களும் உண்டு, நேரமும் உங்கள் வசதிக்குக் கிடைக்காது. இடம் கிடைக்கிறதா என்று முதலில் கேட்டுவிட்டு, பிறகு தனியாரில் இருக்கும் இடத்தை விடுங்கள்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வரும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்களுக்கு அந்தத் திரவப் பைகளும் அதில் உண்டு. ஒரு எச்சரிக்கை: அப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது என்று அந்தப் பணியாளரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். சர்க்கரைக்குப் பொதுவாகத் தரும் மெட்ஃபார்மின் டயாலிசிஸ் நோயாளிக்குக் கூடவே கூடாது. கிளிபென்கிளமைடும் அப்படித்தான், சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும்.

வீட்டில் யாராவது ஈஎஸ்ஐ பிடித்தம் உள்ள வேலையில் இருக்கிறார்களா? சம்பளம் 21,000க்குள் இருந்தால் பிடிப்பார்கள். பெற்றோர் வருமானம் மாதம் 9,000க்குள் என்றால் சார்ந்தவர்களாகச் சேர்க்கலாம், மருந்து ஈஎஸ்ஐ மருந்தகத்திலேயே கிடைக்கும். நோயாளியே ஈஎஸ்ஐ உறுப்பினர் என்றால் இன்னொன்று உண்டு, பலர் கோருவதே இல்லை. நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு நீண்டகால நோய்ப் பட்டியலில் வருகிறது. இரண்டு ஆண்டு தொடர் வேலையும் நான்கு பங்களிப்புக் காலத்தில் 156 நாள் சந்தாவும் இருந்தால், சம்பளத்தில் 80 சதவீதம் இரண்டு ஆண்டு வரை நீட்டித்து வாங்கலாம்.

வரி கட்டுபவர்களுக்குப் பெரும் நோய்ச் சிகிச்சைச் செலவுக்கான வருமான வரிக் கழிவு உண்டு (1961 சட்டத்தில் 80டிடிபி பிரிவு). பழைய வரிமுறையில் இருந்தால் மட்டும். நோயாளி 60 வயதுக்குக் கீழ் என்றால் 40,000, அதற்கு மேல் 1,00,000 வரை கழிவு. சிறுநீரகவியல் டிஎம் படித்த நிபுணரின் சீட்டு வேண்டும், காப்பீட்டில் திரும்பக் கிடைத்த தொகையைக் கழித்துவிட வேண்டும். ரொக்கத்துக்கு வாங்கினாலும் நோயாளி பெயரில் பில் கேட்டு வாங்குங்கள்.

ரயிலில் டயாலிசிஸுக்கோ மாற்று அறுவைக்கோ போகும்போது நோயாளிக்கும் துணைக்குப் போகும் ஒருவருக்கும் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் 75 சதவீதச் சலுகை. அதற்குரிய படிவத்தில் மருத்துவமனை கையொப்பமிட வேண்டும்.

சென்னையில் 1993 முதல் இயங்கும் டேங்கர் அறக்கட்டளை போன்றவை குறைந்த கட்டணத்தில் டயாலிசிஸ் செய்கின்றன. விண்ணப்பம் போடும்போது மாதச் செலவுப் பட்டியலைக் கோத்துக் கொடுங்கள். மேலே மருந்தாளுநர் சொன்ன அதே தாள் இங்கேயும் உதவும்.

---

நெல்வயல்:

இடையில் ஒரு சந்தேகம். அம்மாவுக்கு ஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) 34, டயாலிசிஸ் இல்லை. எம்பாகிளிஃப்ளோசின் பழைய பிராண்டிலேயே வாங்கி வருகிறோம், விலை அதிகம்.

---

மாத்திரைக்கட்டு:

அதன் காப்புரிமை இந்தியாவில் 2025 மார்ச்சில் முடிந்துவிட்டது அக்கா. அதன் பிறகு பல கம்பெனிகள் மிகக் குறைந்த விலையில் கொண்டுவந்துவிட்டன. அதே வகை மருந்தான டாபாகிளிஃப்ளோசின் 2020லிருந்தே அப்படி. வேதிப்பெயரைச் சொல்லிக் கேளுங்கள், மி.கி. ஒன்றாக இருக்கட்டும். டயாலிசிஸைத் தள்ளிப்போடும் மருந்து இது, செலவுக்காக இதை நிறுத்துபவர்கள் பின்னால் பல மடங்கு கொடுக்கிறார்கள். வாந்தி, பேதி, சாப்பிட முடியாத நாள், ஆபரேஷனுக்கு முந்திய நாட்கள் இவற்றில் மட்டும் மருத்துவரைக் கேட்டு நிறுத்தி வைக்க வேண்டும். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் அம்மாவுக்கு வேண்டவே வேண்டாம்.

---

சாலைப்புளி:

மாற்றுச் சிறுநீரகம் வைத்துவிட்டால் இந்த மருந்துச் செலவு முடிந்துவிடும் என்று நினைத்துச் சிலர் முடிவெடுக்கிறார்கள், அதனால் சொல்கிறேன். ஈபிஓ, செவலமர் எல்லாம் பெரும்பாலும் போய்விடும். புதிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் தடுக்க வாழ்நாள் முழுக்க டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், ஸ்டீராய்டு வரும். அரசு மருத்துவமனையில் மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்கு இவை அங்கேயே இலவசம். எங்கே அறுவை என்று முடிவு செய்யும் அன்றே, பின்னால் மாத்திரை எங்கிருந்து என்றும் முடிவு செய்யுங்கள்.

மேலே சொன்ன ஜெனரிக் மாற்றம் டாக்ரோலிமஸுக்குப் பொருந்தாது. ரத்தத்தில் அளவு கொஞ்சம் இறங்கினாலும் உடல் புதிய சிறுநீரகத்தை நிராகரிக்கும், கொஞ்சம் ஏறினாலும் அதே சிறுநீரகத்தையே கெடுக்கும். மலிவான பிராண்டுக்கு மாறவே கூடாது என்பதில்லை. மருத்துவருக்குத் தெரிந்து மாறி, ஒரு வாரம் கழித்து ரத்த அளவு பார்த்து, பிறகு அந்த ஒரே பிராண்டில் நிற்க வேண்டும். அளவு பார்க்கும் நாளில் இரவு மாத்திரை எடுத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரை போடுமுன் ரத்தம் கொடுக்க வேண்டும். பழக்கத்தில் காலை மாத்திரையை விழுங்கிவிட்டுப் போனால் எண் பொய்யாக ஏறி நிற்கும், அதை நம்பி அளவைக் குறைத்துவிடுவார்கள். கடைக்காரர் நாளுக்கு ஒரு முறை போடும் நீள்வகையை மாற்றித் தந்துவிடாமலும் பாருங்கள், அது வேறு மருந்து போலத்தான்.

மைக்கோஃபினோலேட்டில் இரண்டு வகை: மொஃபெட்டில் 500 மி.கி.யும் சோடியம் 360 மி.கி.யும் சமம். 360 என்று எண் சின்னதாக இருக்கிறதே என்று இரண்டு போட்டுக்கொண்டவர்களுக்கு வெள்ளணு சரிந்திருக்கிறது.

டாக்ரோலிமஸ் செலவைக் குறைக்கச் சில மருத்துவர்கள் டில்டியாசெம் என்ற ரத்த அழுத்த மாத்திரையைச் சேர்த்து எழுதுவார்கள். அது டாக்ரோலிமஸ் உடலில் சிதைந்து போவதைத் தடுப்பதால் குறைந்த அளவே போதும். ரத்த அழுத்தம் நன்றாகத்தானே இருக்கிறது என்று டில்டியாசெமை வீட்டிலேயே நிறுத்தினால் டாக்ரோலிமஸ் அளவு சட்டென்று இறங்கும். வேறு மருத்துவர் யாராவது அதை மாற்ற வந்தாலும் இதைச் சொல்லுங்கள்.

---

வெண்ணாற்றங்கரை:

தாள் எழுதியாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் அன்று மருத்துவரைப் பார்க்கிறோம். இரும்பு முதலில், கீட்டோ பற்றி இரண்டாவது, ஈபிஓ தோலடிக்கு மூன்றாவது என்று வரிசை வைத்திருக்கிறேன். இரும்பு தொடங்கினால் மறுபடி எப்போது பரிசோதனை செய்வது? மாதாமாதம் பார்க்கவும் செலவாகிறது.

---

ஊசிமுனை:

வரிசை சரி அண்ணா. ஹீமோகுளோபின் மாதம் ஒரு முறை வேண்டும், அது மலிவு. இரண்டு வாரத்துக்கு 1 கிராம் என்ற வேகத்துக்கு மேல் ஏறினால் ஈபிஓ அளவைக் குறைக்கச் சொல்ல அதுதான் ஆதாரம். ஃபெரிட்டினும் டிசாட்டும் பத்து ஊசியும் முடிந்த பிறகு ஒரு முறை, அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒன்று. கடைசி இரும்பு ஊசிக்கும் ரத்தம் எடுக்கும் நாளுக்கும் குறைந்தது ஒரு வாரம் இடைவெளி விடுங்கள். மறுநாளே எடுத்தால் புதிதாக ஏற்றிய இரும்பு ரத்தத்தில் மிதந்து எண்ணைக் கூட்டிக் காட்டும். ரத்தம் டயாலிசிஸ் தொடங்குமுன், ஹெப்பரின் போவதற்கு முன், ஊசி குத்தியதும் எடுக்கச் சொல்லுங்கள். அதே குத்தில் கால்சியம், பாஸ்பரஸுக்கும் எடுத்துவிட்டால் தனியாக ஒரு முறை குத்த வேண்டாம்.